புதுச் சாமானைப் பிள்ளைகளோடு சோதித்துப் பார்ப்பது எப்படி: கொழும்புப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஒரு பிள்ளையின் கைக்குப் புதுச் சாமான் வந்து சேர நாலு வழி இருக்கிறது. புறக்கோட்டைக் கடைகள் ஒன்று. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பெரிய கடைகளும் சூப்பர்மார்க்கெட்டுகளும் இன்னொன்று. ஃபோனில் ஓடர் போட்டு வாசலுக்கு வருவது மூன்றாவது. நாலாவது நம் ஆட்களுக்கென்றே இருக்கிற வழி: லண்டன் மாமியோ கனடா சித்தப்பாவோ கொண்டுவரும் சூட்கேஸ். எந்த வழியாக வந்தாலும் வீட்டில் நடப்பது ஒன்றுதான். பெட்டியைக் கிழித்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்கிறோம். சிரித்தால் நல்ல சாமான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்தச் சிரிப்பில் தெரிவது சாமான் புதுசு என்பது மட்டுமே. முதல் நாள் எந்தத் தண்ணீர்ப் போத்தலும் ஒழுகாது, எந்தப் பொம்மையும் அலுக்காது. நம் பிள்ளைக்கும் நம் தொடர்மாடி வீட்டுக்கும் இந்தக் கடற்கரை ஈரக் காற்றுக்கும் அது ஒத்துவருகிறதா என்பது இரண்டாவது கிழமையில்தான் தெரியும். ஆனால் ஆபத்து ஏதும் இருந்தால் அது பிள்ளையின் கைக்குப் போகும் முன்பே தெரிந்தாக வேண்டும். ஆகவே சோதனையை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது: பெரியவர்கள் தனியாகச் செய்வது, பிறகு பிள்ளையோடு சேர்ந்து செய்வது. கைக்குழந்தை முதல் தரம் 6 பிள்ளை வரை இருக்கிற வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி

நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டு எதையும் சோதிக்க முடியாது. கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் என்றால், பைக்குள் சரிந்து கிடந்தாலும் ஒழுகாமல் இருக்குமா, மூடியை மகள் தானாகத் திறப்பாளா அல்லது ரீச்சரிடம் கொண்டு ஓட வேண்டுமா? சப்பாத்து என்றால், பின்னேர மழையில் நனைந்தது மறுநாள் காலைக்குள் காயுமா? சவர்க்காரம் என்றால், மகனின் முழங்கை மடிப்பில் தடிப்பு வருமா? கேள்வியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால், சாமான் வந்த பிறகு அதற்குக் கொடுத்த விலைதான் ஞாபகத்தில் நிற்கும். கொடுத்த காசை நியாயப்படுத்தவே மனம் பார்க்கும்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். புதுச் சவர்க்காரம், புது உடுப்புத் தூள், புதுக் கிறீம் மூன்றும் ஒரே கிழமையில் வந்தால், பிள்ளைக்கு அரிப்பு எடுக்கும்போது எதை நிறுத்துவது என்று தெரியாது. சாப்பாட்டுக்கும் இதே விதிதான்.

இரண்டாம் படி: கடையில் பெட்டியைப் படிப்பது

புறக்கோட்டையின் கெய்சர் வீதியும் மெயின் வீதியும் குறுக்குத் தெருக்களும் இல்லாவிட்டால் கொழும்பில் நடுத்தரக் குடும்பம் பிள்ளை வளர்ப்பது கஷ்டம். அங்கே வாங்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே பொம்மை மூன்று கடையில் மூன்று பெயரோடு தொங்குகிற இடம் அது. பெட்டியைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

முதலில் வயது. ஒரு வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் இருந்து, குறுக்கே கோடு போட்டிருந்தால், மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பொருள். பிள்ளையின் கெட்டித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொண்டையில் அடைக்கக்கூடிய சின்னத் துண்டு உள்ளே இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது. எவ்வளவு சூட்டிகையான இரண்டு வயதுப் பிள்ளைக்கும் மூச்சுக்குழாய் இரண்டு வயது அளவுதான்.

அடுத்தது முத்திரைகள். எஸ்.எல்.எஸ். முத்திரை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் பரிசோதித்துக் கொடுப்பது. சி.இ. என்பது ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியிருக்கிறது என்ற அறிவிப்பு. பெரும்பாலான விளையாட்டுச் சாமான்களில் அதைப் போடுவது தயாரிப்பாளரே. நல்ல கம்பனி போட்டால் அதற்கு மதிப்பு உண்டு. பெயரே இல்லாத பெட்டியில் அந்த இரண்டு எழுத்தை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரச்சினை வந்தால் தேடிப் போக ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். "நானா, இதை ஒருக்கா திறந்து காட்டுவீங்களா? பற்றரி போடுற இடத்தைப் பார்க்கணும்" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் காட்டுவார்கள். பற்றரி மூடி விரலால் தள்ளினாலே திறந்தால், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஸ்குரூ போட்டு இறுக்கிய மூடிதான் வேண்டும். மூக்குக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். பெயின்ட் வாசமோ றப்பர் வாசமோ தலையை இடிக்கும் அளவுக்கு இருந்தால், குறைந்தபட்சம் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

பில் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. புறக்கோட்டையில் பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறோம் என்பார்கள். பிள்ளைச் சாமானுக்கு அந்தக் குறைப்பு வேண்டாம்.

ஓடர் போட்டு வாங்கினால், பெட்டியைத் திறப்பதை ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். சூட்கேஸ் சாமானில் பிரச்சினை வேறு மாதிரி. லேபல் ஒழுங்காக இருக்கும், தரமும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஆனால் அனுப்புகிறவர்கள் பிள்ளையைக் கடைசியாகப் பார்த்த வயதை வைத்தோ, கூட இருக்கும் அண்ணனின் வயதை வைத்தோ வாங்கியிருப்பார்கள். சொக்லேட் பெட்டியில் கொட்டை வகைகள் இருக்கலாம். மாமிக்கு நன்றி சொல்லுங்கள், பெட்டியைப் படித்த பிறகு கொடுங்கள்.

மூன்றாம் படி: பிள்ளை தூங்கிய பிறகு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். தேவையானவை: ஒரு திருப்புளி, ஒரு அடிமட்டம், ஒரு மட்டைத் துண்டு, நல்ல வெளிச்சம்.

மட்டையைச் சரியாக 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, இரண்டு விளிம்பும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தொடும்படி சுருட்டி ஒட்டுங்கள். ஏறக்குறைய 31.8 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய் கிடைக்கும். விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களில் பயன்படுத்தும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையை மனதில் வைத்து வந்த அளவு அது. பொம்மையின் எந்தத் துண்டாவது இந்தக் குழாய்க்குள் முழுதாக விழுந்தால், அந்த வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுத் தரைக்கு அது வரக் கூடாது. பந்துகளுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். உருண்டையானது தொண்டையை இடைவெளியே இல்லாமல் மூடிவிடும் என்பதால், 44 மில்லிமீற்றருக்குக் குறைந்த பந்தைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. அண்ணனின் போளைகள் பூட்டிய டப்பாவுக்குள் போகட்டும்.

பிறகு இழுத்துப் பாருங்கள். பொம்மையின் கண், மூக்கு, பொத்தான், காரின் சில்லு எல்லாவற்றையும் நன்றாக இழுங்கள். பெரியவரின் கையால் கழன்றால் பிள்ளையின் பல்லாலும் கழலும். தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் பஞ்சு தெரிகிறதா? கயிறு இருந்தால் அளந்து பாருங்கள். மிகச் சின்னப் பிள்ளையின் சாமானில் 22 சென்ரிமீற்றருக்கு மேல் கயிறு வேண்டாம், கழுத்தில் சுற்றும். தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையை, குழந்தை கையை ஊன்றி எழும்பத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

பொத்தான் பற்றரியை, அதாவது நாணயம் மாதிரித் தட்டையாக இருக்கும் சின்னப் பற்றரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வெளிச்சம் வரும் சப்பாத்து, பாட்டுப் பாடும் வாழ்த்து மட்டை, சின்ன ரிமோட், மெழுகுவர்த்தி மாதிரி எரியும் மின்விளக்கு என்று வீடு முழுக்க இருக்கிறது அது. சி.ஆர். 2032 என்ற வகை 20 மில்லிமீற்றர் அகலம். விழுங்கினால் சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கக்கூடிய சரியான அளவு. சிக்கிய இடத்தில் ஈரத்தோடு சேர்ந்து மின்சாரம் ஓடத் தொடங்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாக எரித்துவிடும். வேலை செய்யாத பழைய பற்றரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது கையில் கிடைக்கும் வாகனத்தில் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற, எக்ஸ்றே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கக் கூடாது. ஒரு விதிவிலக்கு தேன். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டி, விழுங்க முடிகிற நிலையில், விழுங்கி 12 மணித்தியாலத்துக்குள் என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டித் தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம். எரிவதை அது கொஞ்சம் தாமதப்படுத்தும். தேன் தேடிப் பயணத்தைத் தாமதிக்க வேண்டாம். பற்றரியின் பைக்கற்றோ அதே மாதிரி இன்னொரு பற்றரியோ இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

அதே அளவு பயப்பட வேண்டியவை இன்னும் இரண்டு. பலமான சின்ன உருண்டைக் காந்தங்கள்: இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு பக்கத்திலிருந்து ஒன்றையொன்று இழுத்து நடுவில் இருக்கும் சதையை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். தண்ணீரில் போட்டால் பல மடங்கு ஊதும் வண்ண மணிகள்: விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அப்படியே ஊதும், குடலை அடைக்கும். இவற்றுக்குச் சோதனையே தேவையில்லை. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் எடுக்காமல் விடுவதுதான் சரி.

பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்பதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. இலங்கையிலும் பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு உண்டு. ஆனால் பெயர் தெரியாத பளபளப்பான பொம்மை அந்த வரம்புக்குள் செய்யப்பட்டதா என்று யார் சொல்வது? பல் முளைக்கும் குழந்தைக்குப் பெயின்ட் அடிக்காத மரச் சாமானோ, கழுவக்கூடிய துணிப் பொம்மையோ வாங்குவது என் வழக்கம்.

சார்ஜ் போடும் சாமான் என்றால் பிளக்கைப் பாருங்கள். இரண்டு முள் பிளக்காக இருந்தால், பேனா மூடியால் மேல் துவாரத்தை அழுத்திக்கொண்டு செருகுகிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய. பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது, நாளைக்கு அதுவும் பேனாவை எடுத்துக்கொண்டு போகும். 13 ஆம்பியர் பிளக் உள்ள நல்ல அடப்டர் ஒன்று வாங்குங்கள். கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்று பற்றரி ஸ்பிரிங்கையும் ஸ்குரூவையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். விளையாடாத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள், மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள்.

இதெல்லாம் முடிந்தால், கழுவக்கூடியதைக் கழுவி ஒரு இரவு பல்கனியில் காற்றாட விடலாம்.

நான்காம் படி: முதல் அரை மணி நேரம்

இப்போது பிள்ளையின் கையில் கொடுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். இது நம்மில் பலருக்குக் கஷ்டம், தெரியும். "அப்படி இல்லை அம்மா, இப்படித் திருப்பு" என்று வாய் தானாக வரும். ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்தால், சாமானைச் சோதிப்பது பிள்ளையாக இருக்காது, நீங்களாகத்தான் இருப்பீர்கள். தானாக எங்கே திருப்புகிறது, எங்கே சிக்குகிறது, எதை வாயில் வைக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கிற மாதிரி விளையாடாமல் பெட்டியை வைத்தே வீடு கட்டினால் அதையும் எழுதி வையுங்கள்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால், தம்பியோ தங்கையோ பக்கத்தில் இருக்கும்போது ஒரு தடவை பார்க்க வேண்டும். தொடர்மாடி வீட்டில் எட்டு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் ஒரே ஹோல்தான். மூத்தவளுக்குப் பொருத்தமான கட்டிடக் கட்டைத் தொகுப்பு சின்னவனுக்கு ஆபத்து. மூத்தவளை மேசையில் விளையாடச் சொல்லலாம். சின்னவன் தூங்கும் நேரத்தை அவளின் நேரமாக வைக்கலாம். அவளுடைய சாமானைப் பறித்து மேலே வைத்துவிடுவது மட்டும் நியாயமில்லை.

ஐந்தாம் படி: இரண்டு கிழமை

பள்ளிக்கூடச் சாமான்களில் இதன் பலன் அதிகம். ஜனவரியில் புது வருடத்துக்கு எல்லாம் ஒன்றாக வாங்குகிறோம், மாசி முடியும் முன் பாதி உடைந்திருக்கும். ஆகவே டிசம்பர் விடுமுறையிலேயே ஒன்று வாங்கிச் சோதித்து, பிறகு மற்றப் பிள்ளைக்கும் அதையே வாங்கலாம்.

தண்ணீர்ப் போத்தலை நிரப்பி மூடி, பழைய பத்திரிகையின் மேல் படுக்க வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் கடதாசி நனைந்திருந்தால் கொப்பியும் நனையும். பிறகு பிள்ளையிடம் கொடுத்துக் கையில் எண்ணெய் பூசித் திறக்கச் சொல்லுங்கள். இடைவேளை நேரத்தில் பிள்ளையின் கை அப்படித்தான் இருக்கும்.

சாப்பாட்டுப் பெட்டிக்குப் பருப்புக் கறிதான் நல்ல பரீட்சை. பருப்பு ஊற்றிக் கவிழ்த்து வைத்தால் மூடியின் தரம் தெரியும். மீன் குழம்பு வைத்துக் கழுவிய மறுநாள் மூடியின் றப்பர் வளையத்தை முகர்ந்தால் மிச்சமும் தெரியும். அந்த வளையம் கழன்று வந்து கழுவ முடிகிற பெட்டிதான் வேண்டும், இந்த ஈரத்தில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 5 என்றால் பொலிபுரோப்பிலீன், சூடான சோற்றுக்குத் தாங்கும். 6 பொலிஸ்ரைரீன், சூட்டுக்கு ஆகாது. 7 என்பது மற்ற வகைகள் எல்லாம். அதில் ஒன்றான பொலிகாபனேற்றில் பி.பி.ஏ. என்ற இரசாயனம் இருக்கிறது. குழந்தைப் பால் போத்தல்களில் பொலிகாபனேற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் தடுத்தன. எந்தப் பிளாஸ்டிக்கானாலும் உள்ளே கீறல் விழுந்து மங்கினால் மாற்றுங்கள்.

சப்பாத்தைப் பின்னேரத்தில் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போடும் அதே சொக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன் ஒரு தடவை நனைத்து மின்விசிறிக்குக் கீழே வைத்து, காலையில் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பையைத் தராசில் நிறுங்கள். வீட்டில் எடை பார்க்கும் தராசு இருந்தால், பையோடு நீங்கள் ஏறி ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு நல்லது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 25 கிலோ பிள்ளைக்கு அது மூன்றே முக்கால் கிலோ. எத்தனை தரம் 5 பிள்ளைகள் இதற்கு மேல் சுமக்கிறார்கள் என்று பாடசாலை வான் வரும் நேரத்தில் நின்று பார்த்தால் மனம் வலிக்கும்.

கொப்பியில் பிள்ளையே எழுதட்டும். எழுதத் தெரியாத வயது என்றால் முகம் வரையட்டும். இரண்டு கிழமையும் தினமும் எழுத வேண்டியதில்லை, ஏதாவது நடந்தால் மட்டும் போதும்.

சாப்பாட்டுச் சாமானுக்குத் தனி முறை

புது உணவைக் காலையில் கொடுங்கள். ஒவ்வாமை வந்தால் பகல் வெளிச்சத்தில், வைத்தியர்கள் இருக்கும் நேரத்தில் தெரிய வேண்டும். கைக்குழந்தைக்கு ஒரு புது உணவு கொடுத்தால், இன்னொன்றைத் தொடங்க மூன்று நாள் விடுங்கள். முட்டை, கச்சான், பால், மீன், இறால் இவற்றுக்கு இது முக்கியம். உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சு வாங்குவது என்று கண்டால் உடனே 1990. ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. அப்பம்மா வருத்தப்படுவார்தான். குழந்தையின் குடலில் போட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சு உருவாகலாம் என்று பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

அடைக்கக்கூடியவை: முழுக் கச்சானும் மற்றக் கொட்டைகளும் ஐந்து வயதுக்கு முன் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் வெட்டுங்கள். நம் ஊருக்கே உரிய ஆபத்து ரம்புட்டான். சீசனில் தெருவெல்லாம் குவிந்து கிடக்கும். வழுக்கிக்கொண்டு கொட்டையோடு தொண்டைக்குள் போய்விடும். சதையைப் பிய்த்துக் கொடுங்கள், முழுதாகக் கொடுக்க வேண்டாம்.

பைக்கற்றுப் பானம் வாங்கினால் நிற வட்டத்தைப் பாருங்கள். 2016இல் இலங்கையில் வந்த நல்ல ஏற்பாடு இது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். சிவப்பு வட்டமுள்ள 200 மில்லிலீற்றர் பைக்கற் ஒன்றில் 22 கிராமுக்கு மேல், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சீனி. பிள்ளைகளையே கடையில் வட்டம் தேடச் சொல்லுங்கள். என் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது, பச்சை வட்டத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

ஒரு உணவை முதல் தடவை துப்பினால் பிடிக்கவில்லை என்று எழுதிவிட வேண்டாம். பத்துத் தடவைக்கு மேல் கண்ணில் பட்ட பிறகு சாப்பிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதட்டி ஊட்டினால் அந்தக் கணக்கு நடக்காது.

தோலில் படுவது

கிறீம், சவர்க்காரம், வெயில் கிறீம் எதுவானாலும் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில், நாளுக்கு இரண்டு தடவையாக ஒரு கிழமை தடவிப் பாருங்கள். சிவக்காவிட்டால் உடம்புக்குப் போடலாம். குழந்தைப் பவுடர் தேவையே இல்லை என்பது என் கருத்து. மூச்சோடு உள்ளே போவதால் குழந்தை மருத்துவர்களும் அதை விரும்புவதில்லை.

டெங்குப் பயத்தில் நுளம்புக் கிறீம் பூசாத வீடு கொழும்பில் குறைவு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூசக் கூடாது, வலைதான். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளவை, இயற்கை என்று எழுதியிருந்தாலும், மூன்று வயதுக்கு முன் கூடாது. உங்கள் கையில் எடுத்துப் பிள்ளைக்குப் பூசுங்கள், பிள்ளையின் கையில் பூசினால் கண்ணுக்கும் வாய்க்கும் போகும். கையில் கட்டும் பட்டையும் உடுப்பில் ஒட்டும் ஸ்ரிக்கரும் உடம்பு முழுவதையும் காக்காது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பள்ளிக்கூடத்துக்கு நீளக் காற்சட்டையும் கிறீமும்தான் உதவும்.

கண் மைக்கு வருவோம். நாவூறு படாமல் இருக்கக் குழந்தைக்குப் பொட்டு வைப்பது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். ஆனால் கடையில் விற்கும் சில மைகளில் ஈயம் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. கண்ணுக்குள் தீட்ட வேண்டாம். பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால், குழந்தையின் கையும் வாயும் எட்டாத இடத்தில் வையுங்கள். கோவில் திருவிழாக் கடைகளிலும் ஆடிவேல் நேரத்திலும் போடும் கறுப்பு மருதாணியைப் பிள்ளைக்குப் போட வேண்டாம். மருதாணி இலை தானாக அவ்வளவு கறுப்பாகாது. தலைமயிர்ச் சாயத்தில் வரும் பி.பி.டி. சேர்த்திருப்பார்கள். கொப்புளம் வந்து தழும்பாகும். வீட்டில் இலை அரைத்துப் போடுங்கள்.

வோக்கரும் தள்ளுவண்டியும்

வோக்கரை வாங்க வேண்டாம். இரவல் வாங்கவும் வேண்டாம். கனடா 2004இல் விற்பனையையே தடைசெய்துவிட்டது. குழந்தை ஒரு நொடியில் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும், அதை வைத்துச் சீக்கிரம் நடக்கவும் பழகாது. தரையில் பாய் விரித்து விடுங்கள்.

தள்ளுவண்டியைக் கடைக்குள் உருட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. விகாரமகாதேவிப் பூங்காவில் எந்த வண்டியும் ஓடும். உங்கள் ஒழுங்கை, காலி வீதி நடைபாதையின் ஏற்ற இறக்கம், உங்கள் கட்டிடத்து லிஃப்ட், லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மாடிப்படி, ஓட்டோவில் மடித்து வைப்பது, இவைதான் பரீட்சை. தெரிந்தவரிடம் ஒரு சனி ஞாயிறு வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிள்ளையிடம் கேட்பது

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் வரும். அம்மாவைச் சந்தோஷப்படுத்தப் பிள்ளை அப்படிச் சொல்லும். "இதில் எந்த இடம் கஷ்டம்?" "தம்பிக்குக் கொடுத்தால் என்ன சொல்லிக்கொடுப்பாய்?" "நாளைக்கு எதை எடுப்பாய், இதையா பழசையா?" என்று கேட்டால் உண்மை வரும். வேண்டாம் என்று சொன்னால் அதையும் பதிலாக ஏற்க வேண்டும், சாமான் எவ்வளவு விலையானாலும்.

இப்போது கம்பனிகள் இலவசமாகச் சாமான் அனுப்பி, பிள்ளையோடு வீடியோ போடச் சொல்கிறார்கள். ஏற்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். ஏற்றால், இலவசமாக வந்தது என்பதை வீடியோவில் சொல்லிவிடுங்கள், பார்க்கிற மற்றத் தாய்மாருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. பிள்ளையின் பாடசாலைச் சின்னமும் வீட்டு வாசலும் படத்தில் வர வேண்டாம். பிள்ளை வேண்டாம் என்ற நாளில் எடுக்க வேண்டாம். குழந்தைப் பால்மா இலவச மாதிரி யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளின் விற்பனை பற்றி உலக சுகாதார நிறுவனம் 1981இல் கொண்டுவந்த நெறிக்கோவை தாய்மாருக்கு அப்படிக் கொடுப்பதைத் தடுக்கிறது. பால் போதவில்லை என்று சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார மாதுவிடம் கேளுங்கள்.

வைத்திருப்பதா, கொடுப்பதா, முறைப்பாடா?

இரண்டு கிழமை முடிந்ததும் முதலில் எழுதிய கேள்விக்குப் பதில் எழுதுங்கள். பிடித்திருந்தால் வைத்திருக்கலாம். நல்ல சாமான், நம் பிள்ளைக்கு மட்டும் ஒத்துவரவில்லை என்றால் உறவுக்காரருக்கோ முன்பள்ளிக்கோ கொடுக்கலாம். ஆபத்தான சாமானை யாருக்கும் கொடுக்கக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பிள்ளைக்கும் தொண்டை அதே அளவுதான். உடைத்துக் குப்பையில் போடுங்கள். பொத்தான் பற்றரியை இரண்டு பக்கமும் ரேப் ஒட்டிவிட்டு, பிள்ளைக்கு எட்டாத டப்பாவில் வைத்து, மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

சாமானில் குறை இருந்தால் முதலில் கடைக்கே போங்கள். பில்லும் பெட்டியும் வீடியோவும் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். கடைக்காரர் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். தரமோ உத்தரவாதமோ பற்றிய முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டு கிழமைச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். கடிதத்தில் கடையின் பெயர், முகவரி, வாங்கிய திகதி, விலை, பெட்டியில் எழுதியிருந்தது என்ன, உண்மையில் நடந்தது என்ன என்பவை இருக்க வேண்டும். பில்லின் பிரதியை இணையுங்கள், மூலத்தை நீங்களே வைத்திருங்கள்.